மூன்று பாகமும் ஒரே நாளில்

வட்டவளைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் உத்தியோகத்தர்களுக்கென்று ஒரு கிளப் இருந்தது. மரத்தரை, நடுவில் பச்சைக் கம்பளம், சுவரோரம் பிரம்பு நாற்காலிகள், மூலையில் ஒரு பெரிய டீவீ. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள் அதை ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறோம். நான் முதன்முதலாக அதற்குள் கால் வைத்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கையில் வாளியும் விளக்குமாறும் இருந்தன.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருந்த காலம் அது. சும்மா இருக்கப் பிடிக்காமல் பின்னேரங்களில் லயத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் தோட்டப் பாடசாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். பள்ளிக்கூடத்தை ஒட்டிய சிறிய விடுதியில் தனியாக இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, அட்டைக்குப் பயந்து காலுறைக்குள் சோப்புத் தேய்த்துக்கொண்டு நடப்பார். கொழும்பிலிருந்த அவருடைய தம்பி ஒரு டீவீடி பிளேயரும் சில தட்டுகளும் கொடுத்தனுப்பியிருந்தான். அதிலே ஒரு கார்ட்டூன் படத்தின் மூன்று பாகங்களும் இருந்தன. மாவு அரைக்கிறவனின் மகள் ஒருத்தியும் வாய் ஓயாத ஒரு வாத்தும், களவுபோன ஒரு ராச்சியத்தைத் தேடிப் போகிற தேவதைக் கதை.

முதல் பாகத்தை நாங்கள் இருவரும் விடுதியில் இருந்த சிறிய டீவீயில் பார்த்தோம். எனக்குப் பாதி ஆங்கிலம் புரியவில்லை. ஆனாலும் அந்த வாத்து முள்ளுக்காட்டுக்குள் சிக்கிக்கொண்டு கத்தியபோது கண்ணீர் வரச் சிரித்தேன். டீச்சர் படத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“பிள்ளையளுக்கு இதைக் காட்ட வேணும். மூண்டு பாகத்தையும் ஒரே நாளில காட்ட வேணும். என்ன சொல்லுறீர்?”

ஒரே நாளில் முடியாது, பிள்ளைகள் களைத்துவிடுவார்கள் என்றேன். அவர் விடவில்லை. இங்கே பிள்ளைகள் எதையுமே முடிவுவரை பார்ப்பதில்லை என்றார். தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள நடுவிலே எழுந்து போகிறார்கள், விறகுக்குப் போகிறார்கள், பாடசாலையை விட்டே போய்விடுகிறார்கள். ஒரு கதையாவது தொடக்கத்திலிருந்து கடைசிவரை அவர்களுடையதாக இருக்கட்டும் என்றார். அதற்கு மேல் எனக்கு மறுப்புச் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் முழுக்க அதே பேச்சுத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பாகம். பிறகு பணிசும் தேத்தண்ணியும். இரண்டாம் பாகத்தில் ஒரு ராட்சதனின் சமையலறை வருகிறது, சின்னதுகள் பயப்படும், அதனால் அதை வயிறு நிறைந்த பிறகு காட்ட வேண்டும். அவித்த கடலையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாம் பாகம். படம் ஆங்கிலத்தில் இருந்ததால் டீச்சர் முன்கூட்டியே விளக்கிய கதையை நான் டீவீக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். வாத்துக்கு எங்கள் லயத்துப் பேச்சையே கொடுப்பது என்று முடிவெடுத்தோம். டீச்சருக்கு அது வரவில்லை. இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு, வாத்து என் பொறுப்பு என்று விட்டுவிட்டார்.

இடம்தான் இல்லை. விடுதியில் பத்துப் பேர் உட்கார முடியாது, பள்ளிக்கூடத்தில் மின்சாரம் கிடையாது. அதனால் தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கரிடம் கிளப்பைக் கேட்கப் போனோம். சாவி அவரிடம்தான் இருந்தது. அவர் டீச்சரை உட்காரச் சொன்னார். என்னை உட்காரச் சொல்லவில்லை. தாராளமாகச் செய்யுங்கள், நம்முடைய பிள்ளைகள்தானே என்றார். தன் பிள்ளைகளும் மற்ற உத்தியோகத்தர்களின் பிள்ளைகளும் வருவார்கள் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, முதல் நாள் ஆள்களைக் கூட்டிவந்து இடத்தைச் சுத்தம் செய்துவிடு என்றார்.

சனிக்கிழமை இரண்டு தாய்மாரைக் கூட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததுமே நாற்றம் முகத்தில் அடித்தது. வெள்ளிக்கிழமை அங்கே ஏதோ விருந்து நடந்திருக்கிறது. கம்பளத்தின்மேல் கோழி எலும்புகள், சிகரெட் துண்டுகள், ஒட்டிக் காய்ந்த பியர். டீவீக்குப் பின்னால் யாரோ வாந்தியெடுத்து, அதன்மேல் பேப்பரை விரித்துவிட்டுப் போயிருந்தார்கள். பேப்பரை இழுத்தேன். அது கையோடு கிழிந்து வந்தது. வெளியே ஓடிப்போய்த் தேயிலைச் செடிக்குள் நானும் வாந்தியெடுத்தேன். கூட வந்த பெண்கள் கழுவத் தொடங்கினார்கள். ஒருத்தி, “நம்ம பிள்ளைக உக்காரப்போற எடம். கழுவித்தானே ஆகணும்” என்றாள். மத்தியானம்வரை சவர்க்காரத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம்.

மறுநாள் பிள்ளைகள் வந்த கோலத்தை என்னால் மறக்க முடியாது. அந்தக் குளிரில் விடியற்காலையிலேயே பீலியில் விழும் மலைத் தண்ணீரில் குளிப்பாட்டி அனுப்பியிருந்தார்கள். தலையில் எண்ணெய் வழிந்தது. தீபாவளி உடுப்பு, முகம் முழுக்கப் பவுடர். இரண்டு இரண்டு பேராகக் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் வந்தார்கள். கிளப் வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக அடுக்கினார்கள்.

உள்ளே போனால் கம்பளத்தைக் காணவில்லை. சுருட்டிச் சுவரோரம் வைத்திருந்தார்கள். அது கிடந்த இடத்தில் உரச்சாக்குகள் விரித்திருந்தன. அவற்றுக்கு முன்னால் பிரம்பு நாற்காலிகள். அதில் கிளாக்கர் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சரின் முகம் மாறியது. என்னைப் பார்த்தார். படம் தொடங்கட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நான் கண்ணால் சொன்னேன். பிள்ளைகள் சாக்கில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. டீவீயைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் கிளாக்கரின் மனைவி வந்தார். வாசலிலேயே நின்று சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். உள்ளறைக்குப் போய் ஒரு டப்பாவை எடுத்துவந்தார். அறைக்கு அடிக்கிற வாசனை மருந்து. அதைக் கையை நீட்டி, சாக்கில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் தலைக்குமேல் அடித்தார். வரிசை வரிசையாக நடந்து நடந்து அடித்தார். பூச்சிக்கு மருந்தடிப்பதைப் போல.

பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. படத்தோடு சேர்ந்த ஏதோ வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார்கள். முகத்தை நிமிர்த்திக் கொடுத்தார்கள். சின்னதுகள் கையை நீட்டின. ஒரு பெண்பிள்ளை, “எனக்குங்கம்மா, எனக்குங்கம்மா” என்று எழுந்து நின்றது.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முதல் நாள் டீவீக்குப் பின்னால் கண்டது இதைவிட மேல் என்று பட்டது. நான் போய் அந்த அம்மாவின் முன்னால் நின்றேன்.

“நேத்து இங்க வாந்தி கெடந்துச்சுங்கம்மா. நாங்கதான் அள்ளுனோம். அதுக்கு இந்த மருந்த அடிச்சிருக்கலாம்.”

நாற்காலியில் இருந்த பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா என்னோடு பேசவே இல்லை. டீச்சரிடம் திரும்பி, யார் இந்தப் பெட்டை, இவளையெல்லாம் எதற்கு உள்ளே விட்டீர்கள் என்று கேட்டார். டீச்சர் போய் பிளேயரின் வயரைக் கழற்றினார். பிளேயரைத் தன் மேல் ஸ்வெட்டரில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“பிள்ளையள், எழும்புங்கோ. நாங்கள் வேற இடத்தில பாப்பம்.”

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கே போவது என்று எங்களுக்கே தெரியாது. முதல் நாள் என்னோடு கழுவ வந்தவர்களில் ஒருத்தியின் வீட்டில் ஒரு சின்ன டீவீ இருந்தது. வழியில் எங்களைக் கண்டு அவளாகவே கூப்பிட்டாள். அவளுடைய ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் இருந்த கட்டிலை வெளியே தூக்கிப் போட்டோம். பிள்ளைகளை அடுக்கி உட்காரவைத்தோம். இடம் போதாதவர்கள் வாசலிலும் ஜன்னலிலும் நின்றார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு வாத்துக்குக் குரல் கொடுத்தேன். வாத்து பேசப்பேசப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து லயத்திலிருந்தும் ஆள்கள் வந்தார்கள். ராட்சதனின் சமையலறை வந்தபோது பெரியவர்கள்தான் பயந்தார்கள். இரண்டாம் பாகம் முடிகிற நேரம் மின்சாரம் போய்விட்டது. மூன்றாவதை அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று பிள்ளைகளை அனுப்பினோம்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாயங்காலம் கிளாக்கர் என் அப்பாவை வரச்சொல்லி ஆளனுப்பினார். அப்பா தொழிற்சாலையில் வேலை செய்தார். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா என்றார். நான் முடியாது என்றேன். அவர் சத்தம் போடவில்லை. மறுநாள் வேலை முடிந்து வந்து, போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

“நானே போயி கேட்டுட்டேன். சின்னப்புள்ள, தெரியாமப் பேசிருச்சு, மனசுல வச்சுக்காதீங்கன்னு சொன்னேன். அந்த அம்மாகிட்டயும் சொன்னேன்.”

அவர் கையைக் கட்டிக்கொண்டு கிளாக்கரின் பங்களா வாசலில் நின்றிருப்பார். நிற்கிற விதம் எனக்குத் தெரியும். அந்த அம்மா மூக்கை மூடிக்கொண்டிருந்தாரா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. நான் செய்யாத குற்றத்துக்கு என் பேரில் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். எனக்கு அவர்மேலும் அருவருப்பு வந்தது. பெற்ற அப்பாமேல் அப்படி வரலாமா என்று யோசிக்கக்கூட அன்றைக்கு மனம் வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் சாப்பிட்டு எழுந்த பிறகே நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

மூன்றாம் பாகத்தைச் சொன்னபடி அடுத்த ஞாயிறு அதே காம்பராவில் போட்டோம். எனக்குப் பிடிக்கவில்லை. முதல் இரண்டு பாகங்களில் இருந்த கதை அதில் இல்லை. சும்மா பாட்டும் கூத்தும், கடைசியில் ஒரு கல்யாணம். டீச்சரும் உதட்டைப் பிதுக்கினார். ஒரே நாளில் பார்த்திருந்தால் இந்தக் குறை தெரிந்திருக்காது என்றார். பிள்ளைகள் மட்டும் கைதட்டினார்கள். வாத்துக்கும் ஒரு சோடி கிடைத்ததில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோசம்.

படம் பாதி ஓடும்போது அப்பா வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார். நான் கவனிக்காதது போலக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் தலையை உள்ளே நீட்டி, மழை இரைச்சலில் வாத்து சொன்னது கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்லம்மா என்றார். எனக்கு மனம் ஆறியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன், அவருக்குக் கேட்கிற மாதிரி கொஞ்சம் உரக்க.