கலைமதி கட்டிய ஒயர்

கலைமதியைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. அவளுக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. ஒரகடத்தில் எங்கள் இரண்டு பேர் கடையும் பக்கத்துப் பக்கத்தில். என்னுடையது ஜெராக்ஸ் கடை, அவளுடையது வண்டிகளின் முன்கண்ணாடியில் டேஷ்கேம் என்ற கேமரா பொருத்தும் கடை. டீ குடிக்க என் கடைக்குள் வந்தால், டீ ஆறுவதற்குள் என் மிஷினுக்குப் பின்னால் தொங்கும் ஒயரையெல்லாம் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றியிருப்பாள். என் போன் சார்ஜரைக்கூட விட்டுவைக்கமாட்டாள். "ஏன்டி, என் உசுரையும் சேத்துக் கட்டேன்" என்று கத்தினாலும் காதில் ஏறாது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பிள்ளைப்பாக்கத்துப் பெண். ஐடிஐ முடித்த கையோடு வல்லம் வடகாலில், கார்களுக்கு ஒயர்க் கட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். நானும் அதே லைன்தான். நான்கு விரல் இடைவெளிக்கு ஒரு டேப். ஒரு ஒயரும் வெளியே நீட்டக் கூடாது, நீட்டினால் சூப்பர்வைசர் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். மூன்று வருடத்தில் நான் வாங்கிய ஸ்டிக்கரை வைத்து ஒரு சுவரையே மறைக்கலாம். அவள் ஒன்றுகூட வாங்கவில்லை. காண்ட்ராக்ட் முடிந்ததும் இருவரையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். நான் அன்றே அதைத் தலைமுழுகினேன். அவள் கை மட்டும் இன்னும் லைனில்தான் நிற்கிறது.

கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன்கள் முப்பது வைத்திருப்பவர் கோதண்டராமன். எல்லா வண்டிக்கும் டேஷ்கேம் போட முடிவெடுத்து, முதலில் பன்னிரண்டைக் கலைமதியிடம் விட்டார். நன்றாக அமைந்தால் மீதிப் பதினெட்டும் அவளுக்கே என்றார். ஒரே வாரத்தில் முடித்துக் கொடுத்தாள். வேனுக்குள் ஒயர் எங்கே போகிறது என்று தேடினாலும் கிடைக்காது.

அப்புறம்தான் யாகப்பன் அண்ணன் வந்தார். ஐம்பத்து நாலு வயது டிரைவர். வாலாஜாபாத் பக்கத்து ஊர்களிலிருந்து மத்தியான ஷிப்ட் பெண்களை இருங்காட்டுக்கோட்டைக்கு ஏற்றிப்போகிறவர். கேமரா போட்டதிலிருந்து ரேடியோ உஸ்ஸென்று இரைகிறது என்றார். மற்ற டிரைவர்களெல்லாம் இளவட்டம், போனிலிருந்து பாட்டு வைத்துக்கொள்வார்கள். இவரிடம் இருப்பது பட்டன் போன். சாப்பிட்டுவிட்டு வண்டி எடுத்தால், ரேடியோ பாடினால்தான் இவருக்குக் கண் சொக்காது. கலைமதி கடை வாசலிலேயே ரேடியோவைப் போட்டுப் பார்த்தாள். சுத்தமாகப் பாடியது. ஊர்ப்பக்கம் போனால்தான் இரைகிறது என்று அவர் சொன்னார். அங்கே ஸ்டேஷன் எடுக்காது, ரேடியோவும் பழசு என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன் வேலையில் குறை சொன்னால் அவளுக்குப் பொறுக்காது.

அவர்தான் என்ன செய்வார்? கண் சொக்கியபோதெல்லாம் கேமரா பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேடியோ கேட்டார். எல்லா வண்டிக் கேமராவும் தெரியும் முதலாளியின் போனில் அந்த வண்டி மட்டும் இருட்டாகத் தெரிந்தது. கோதண்டராமன் இரண்டு முறை எச்சரித்தார். மூன்றாவது முறை, வருகிற சனிக்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். ரேடியோ இரைகிறது என்பதை முதலாளி நம்பவே இல்லை. எங்கேயோ ஒதுக்கி நிறுத்திவிட்டுத் தூங்குவதை மறைக்கத்தான் பிடுங்குகிறார் என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை யாகப்பன் அண்ணன் மறுபடி கடைக்கு வந்தார். திட்டவில்லை.

"வயசாயிடுச்சு, வூட்டுக்குப் போன்னா போயிடுவேன்மா. பொய் சொல்றேன்னு எறக்கறாங்க. இன்னிக்கு ஒரு நாளு நீ வந்து உக்காந்து கேளு."

கலைமதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்குள் போனாள், வந்தாள், ஷட்டரை இழுத்தாள், திரும்பத் தூக்கினாள். மத்தியானம், ஆள் ஏற்றக் கிளம்பிய காலி வேனில் என்னையும் இழுத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

வாலாஜாபாத் சாலையில் கொஞ்ச தூரம் போய் ஸ்டேஷன் சிக்னல் மெலிந்ததுமே பாட்டுக்கு மேல் இரைச்சல் ஏறியது, எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி. பிளக்கைப் பிடுங்கினாள், பாட்டு தெளிந்தது. செருகினாள், இரைந்தது. மட்டமான சார்ஜர் ரேடியோவைக் கெடுக்குமாம். கையோடு கொண்டுவந்திருந்த நல்ல சார்ஜரை மாற்றினாள். கொஞ்சம் குறைந்தது. இரைச்சலை அடக்க ஒயரில் கவ்வும் ஃபெரைட் என்ற கறுப்பு மணியை மாட்டினாள். இன்னும் கொஞ்சம் குறைந்தது, ஆனால் போகவில்லை. காலை ஆட்டினாள், நகத்தைக் கடித்தாள். கடைசியில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, முன்கண்ணாடியை ஒட்டிய டிரைவர் பக்கத்துத் தூணின் மூடியைக் கழற்றினாள்.

அதற்குள்தான் ரேடியோ ஆன்டெனாவின் ஒயர் இறங்குகிறது. அதோடு கேமரா ஒயரைச் சேர்த்து, நான்கு விரலுக்கு ஒரு டேப் என்று மேலிருந்து கீழ்வரை கட்டியிருந்தாள். கேமரா ஒயரின் இரைச்சலெல்லாம் பக்கத்தில் ஒட்டியிருந்த ஆன்டெனா ஒயருக்குள் புகுந்திருக்கிறது. சாலையோரத்தில் யாராவது ஒயரைத் தொங்கவிட்டுப் பொருத்தியிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. எந்த சூப்பர்வைசரும் அதில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கமாட்டார், அவ்வளவு அழகாக இருந்தது.

டேப்பை ஒவ்வொன்றாக அறுத்தாள். கேமரா ஒயரை உருவி இடது பக்கம் தொங்கவிட்டதும் பாட்டு கணீரென்று கேட்டது. யாகப்பன் அண்ணன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கலைமதி போனை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். ரேடியோவில்தான் கோளாறு, சரிசெய்துவிட்டேன் என்று சொன்னால் அண்ணன் வேலையும் போகாது, பதினெட்டு வண்டியும் கைவிட்டுப் போகாது என்று கெஞ்சினேன். கையை உதறிவிட்டாள்.

"சார், யாகப்பன் அண்ணா பொய் சொல்லல. நான்தான் ஒயரைத் தப்பாக் கட்டிட்டேன். பன்னெண்டு வண்டியிலயும் அப்படித்தான் கட்டிகீறேன்."

சாவி யாகப்பனிடமே இருக்கட்டும் என்றார் கோதண்டராமன். மீதிப் பதினெட்டை வேறு ஆளிடம் விடப்போவதாகவும் சொன்னார். குரலை உயர்த்தாமல் சொன்னார், பாவி மனிதர்.

அடுத்த இரண்டு வாரம் பன்னிரண்டு வண்டிகளையும் அவளே வரவழைத்துப் பிரித்து, ஒயரை இடது தூண் வழியாக மாற்றினாள். கடைசியாக வந்தது யாகப்பன் அண்ணன் வேன். வேலை முடிந்தபோது ஒரு சாண் ஒயர் மட்டும் டேஷ்போர்டுக்கு மேல் தொங்கியது. அவள் டேப்பை எடுத்தாள். அண்ணன் தடுத்தார்.

"வேணாம்மா. அது அப்பிடியே தொங்கட்டும்."

அன்று சாயங்காலம் அவரே எங்களைப் பிள்ளைப்பாக்கம் வரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் ரேடியோ பாடியது. பள்ளத்துக்குப் பள்ளம் அந்த ஒயர் ஆடியது. கலைமதியின் கை ஒருமுறை அதை நோக்கி நீண்டது. பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவள் ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.