பாந்தியன் வாசலில் கழற்றிய ஷூ

அமெரிக்காவில், நியூஜெர்சியின் பார்சிப்பனியில் வெள்ளியங்கிரியைவிட ஜாக்கிரதையான ஆள் கிடையாது. காரைப் பூட்டிவிட்டு, பூட்டினோமா என்று திரும்பி வந்து, திறந்து பார்த்து மறுபடி பூட்டுவார். பொள்ளாச்சிக்காரர், சாஃப்ட்வேர் வேலை. ஆறு வருஷம் காத்திருந்து கிரீன் கார்டு வாங்கியவர். அது கைக்கு வந்த அன்று அதன்மேல் குங்குமம் வைக்கப் போனவரை மனைவி ஜலஜாதான் தடுத்தாள்.

தொண்ணூற்றொன்பது கோடையில் ஊருக்குப் போய்த் திரும்பும் வழியில் ரோமில் ஒரு நாள் இறங்கினார்கள். அங்கே இடிந்து கிடக்கும் அரண்மனைகளைப் பார்க்க வேண்டும் என்பது ஜலஜாவுக்குக் கல்லூரிக் காலத்து ஆசை. பிக்பாக்கெட் அதிகம் என்று யாரோ சொல்லிவைக்க, மனுஷன் கிரீன் கார்டை ஷூவுக்குள் பாதம் படும் அட்டைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை நியூவர்க் விமானம். கார்டு இல்லாவிட்டால் ஏற்ற மாட்டார்கள்.

முதலில் பாந்தியன். அந்தக் காலத்தில் எல்லாத் தெய்வங்களுக்கும் கோயில் என்று ஜலஜா புத்தகத்தைப் பார்த்துப் படித்தாள். கோயில் என்றதுமே இவர் கால் தானாக ஷூவைத் தூணோரம் கழற்றிவிட்டது. யாருமே கழற்றவில்லையே என்றாள். அவர்களுக்கு மரியாதை தெரியவில்லை என்றார். உள்ளே போய், கூரை நடுவில் இருக்கும் பெரிய ஓட்டையை அண்ணாந்து பார்த்து, மழை பெய்தால் என்ன செய்வார்கள் என்று அரைமணி நேரம் கவலைப்பட்டார். அந்தக் கவலையில் கொஞ்சம் ஷூமேல் பட்டிருக்கக் கூடாதா!

வெளியே வந்தால் தூணோரம் ஒரு செருப்புக் கடையே கிடந்தது. டெக்சாஸ் சுகர் லேண்டிலிருந்து டூர் வந்த தமிழ்க் கூட்டம் இவர் ஷூவைப் பார்த்து, இங்கே கழற்ற வேண்டும்போல என்று வரிசையாகக் கழற்றியிருக்கிறது. அமெரிக்காவில் நம்மவர்கள் எல்லார் காலிலும் ஒரே வெள்ளை ஷூதானே. தன்னுடையது என்று நினைத்ததை மாட்டினார். தொளதொளவென்றது. பதறிப்போய் அட்டையைத் தூக்கினால் உள்ளே கிரீன் கார்டு இருந்தது. ஆனால் அதில் மீசையோடு வேறொருவர் முறைத்தார். பெயர் நஞ்சுண்டன். அதே அபார மூளை டெக்சாஸிலும் வேலை செய்திருக்கிறது, கர்மம்.

நஞ்சுண்டன் டூரின் முதல் வண்டியிலேயே பாலட்டைன் குன்று அரண்மனைக்குப் போய்விட்டதாக அந்தக் கூட்டத்து அம்மா ஒருத்தி சொன்னாள். அவ்வளவுதான், பெரிய ஷூ தடதடக்க ஓடினார். எத்தனையோ தூண்கள், வளைவுகள், ராஜாக்கள் நடந்த வீதி. இவர் பார்த்ததெல்லாம் போகிற வருகிறவர்கள் காலைத்தான்.

குன்றின்மேல் அரண்மனைச் சுவர் நிழலில் நஞ்சுண்டன் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஷூ கடித்ததை, வெயிலில் கால் வீங்கிவிட்டது என்று நினைத்திருந்தாராம். விஷயம் தெரிந்ததும் கட்டிக்கொண்டார். இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. அவரவர் ஷூவைப் போட்டுக்கொண்டு, சக்கரவர்த்தியின் முற்றத்தைப் பார்த்தபடி புளியோதரையைக் காலி செய்தார்கள்.

“தனியாவா சார் வந்தீங்க?” என்றார் நஞ்சுண்டன்.

வெள்ளியங்கிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. விழுந்தடித்து ஓடினார். பாந்தியன் தூணோரம் ஜலஜா இரண்டு பைகளையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அரண்மனை மூடுகிற நேரமாகிவிட்டிருந்தது.

“கார்டு கெடச்சுதுங்களா?”

“கெடச்சுது கண்ணு. மன்னிச்சுக்கோ, நீ அரண்மனை பாக்கவே இல்லையே.”

“அதனால என்னங்க. உங்க கார்டு பாத்துருச்சில்ல, போதும்.”