முட்டை இருக்காது என்று தெரிந்தும்

பி.எஸ்ஸி. விலங்கியலில் நான் நன்றாக எழுதிய விடைகளில் ஒன்று, பாம்புகளிலும் பல்லியினங்களிலும் சில ஏன் முட்டையிடாமல் குட்டி போடுகின்றன என்பது. குளிர்ந்த இடத்தில் மண்ணுக்குள் விட்ட முட்டை சூடு கிடைக்காமல் கெட்டுப்போகும். தாயோ நகர்ந்து போய் வெயில் காயலாம். முட்டையைக் கூடுதல் நாள் வயிற்றிலேயே வைத்திருந்த தாய்களின் குஞ்சுகள் பிழைத்தன. எத்தனையோ தலைமுறைகளில் அது உடம்பின் இயல்பாகி, கடைசியில் முட்டை வெளியே வருவதே நின்றுபோனது. விரியன்களின் முன்னோர்களுக்கும் இதுதான் நடந்திருக்க வேண்டும், வெப்பமான சமவெளிக்கு வந்த பிறகும் அவை பழையபடி முட்டைக்குத் திரும்பவில்லை என்று முடித்திருந்தேன். திருநெல்வேலி வெயிலில் உட்கார்ந்து எழுதிய விடை. குளிர் என்றால் என்னவென்றே அப்போது எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் விமானப்படையில் இருந்த கணவருக்குப் பூனாவுக்கு மாற்றல் வந்து, லோஹேகாவ் குவார்ட்டர்ஸில் குடியேறினோம். மகளுக்கு ஒன்றரை வயது. முதல் குளிர்காலத்தில் ட்யூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி மூன்று நாளாக அசையாமல் ஒட்டியிருந்தது. செத்துவிட்டது என்று துடைப்பத்தால் தள்ளினேன். வெயில் விழுந்த தரையில் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு ஓடியது. புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அதற்குள் அந்த வரிசை வீடுகளில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வந்துவிட்டது. ஒருநாள் குளியலறையில் கோடு போட்ட பாம்பைப் பார்த்து, கட்டுவிரியன் என்று கத்தி எல்லோரையும் கூட்டினேன். தடியோடு நாலு பேர் வந்தார்கள். அது வெள்ளிக்கோல் வரையன், விஷமே இல்லாதது. படித்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மகளுக்குத் தும்மல் வந்தாலும் டாக்டரிடம் ஓடுகிறவள் என்ற பேச்சு முன்பே இருந்தது. இது அதன்மேல் ஏறிக்கொண்டது.

அடுத்த ஜூன் மாதம், மழை தொடங்கிய வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பின்பக்கக் குழாயடியில் ஒரு பாம்பை அடித்துப் போட்டார்கள். குழாயை ஒட்டிப் பழைய செங்கல் குவியல் ஒன்று இருந்தது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு சார்ஜென்ட் இந்தியில் ஆரம்பித்துவிட்டார். "வாங்க பாபிஜி, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம். இது கட்டுவிரியனா, என் யூனிஃபார்ம் பெல்ட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். பாத்திரம் தேய்க்க வரும் பாயியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அது கண்ணாடி விரியன். இந்த முறை எனக்குச் சந்தேகமே இல்லை. வயிற்றின் பின்பாதி தளர்ந்து, தோல் இரண்டு பக்கமும் மடிந்து கிடந்தது. என் பிரசவத்துக்குப் பிறகு என் வயிறு அப்படித்தான் இருந்தது.

சார்ஜென்ட் கம்பியால் செங்கற்களை அங்கங்கே புரட்டினார். "முட்டை இருக்கான்னு பாருங்கப்பா." இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்லை. இடம் சுத்தம்." கையைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள்.

முட்டை இருக்காது. அதைச் சொல்ல எனக்கு இந்தியில் நாலு வார்த்தை போதும். இது குட்டி போடும், போட்டுவிட்டது, அந்தக் குவியலில் இருபதோ முப்பதோ இருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. பெல்ட் என்று சொல்லிச் சிரித்த முகங்களைப் பார்த்தேன். மறுபடியும் தப்பாகிவிட்டால்?

சாயங்காலம் கணவரிடம் மட்டும் சொன்னேன்.

"ஆரம்பிச்சிட்டியா? அதான் நாலு பேரு தேடிப் பாத்தாச்சுல்லா?" என்றார்.

"முட்டையைல்லா தேடினாங்க."

"ஏட்டி, குட்டின்னா அவங்க கண்ணுல படாதா? பேசாம இரு."

பேசாமல் இருந்தேன். ஆனால் சாக்கடைத் துவாரத்தில் பழைய துணியைத் திணித்தேன். பின்கதவை மூடித் தாழ் போட்டேன். இரண்டு நாள் மகளைத் தரையில் விடவே இல்லை. பாயி வழக்கம்போல் குழாயடியில், செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தாள். ஜன்னல் வழியாக "பாத்து" என்றேன். அவள் தலையாட்டினாள். எதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய விரலில் கடித்தது ஒரு சாணுக்குச் சற்று நீளமான குட்டி. அதைச் செருப்பால் அடித்துவிட்டு, மிச்சப் பாத்திரத்தையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். "சின்னதுதான், புழு மாதிரி" என்று அங்கே சொன்னாளாம். பிறந்த அன்றே அதற்கு விஷம் உண்டு. நான் பார்த்திருந்தால் அந்த நிமிடமே கத்தியிருப்பேன். என் கதவு மூடியிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் கூச்சல் கேட்டு ஓடினேன். கை முழங்கைவரை வீங்கியிருந்தது. ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. ஸ்கூட்டரில் இரண்டு பேருக்கு நடுவே உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் இறங்கவில்லை என்றார்கள். சனிக்கிழமை இறந்துபோனாள்.

அவளைக் கடித்த அன்றே ஆண்கள் அந்தக் குவியலை முழுக்கக் கலைத்திருந்தார்கள். ஒன்பது குட்டிகள். "முட்டையே இல்லாம எங்கேர்ந்து வந்தது?" என்று சார்ஜென்ட் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. இந்த முறை என்னை யாரும் கேட்கவில்லை.

சில வாரம் கழித்துப் பாயியின் தங்கை அந்த வீடுகளில் வேலைக்கு வந்தாள். முதல் நாளே பின்கதவில் நின்று என் மகளைப் பார்த்தாள்.

"இதுதானா அந்தக் குழந்தை? அக்கா சொன்னா, பாபி ரெண்டு நாளா குழந்தையை இடுப்பை விட்டு இறக்கவே இல்லை, பாவம், காய்ச்சல் போலன்னு. ஆஸ்பத்திரியில் படுத்துக்கிட்டும் கேட்டா. இப்ப சரியாயிடுச்சா?"



"சரியாயிடுச்சு" என்றேன்.

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மகளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "ஆமாம், இப்ப சூடு இல்லை" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனாள்.