நான் கொடுத்த குளிசை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருந்த தமிழர்கள் யாருக்கும் என் பெயர் தெரியாது. எல்லோருக்கும் நான் ‘டொக்டர் அண்ணை’. பாதி மரியாதை, பாதி நக்கல். யாழ்ப்பாணத்தில் நான் டொக்டராக இருந்ததில்லை. ஆஸ்பத்திரி ஒன்றில் பதினாறு வருடம் மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் நின்ற டிஸ்பென்சர், அவ்வளவுதான். லண்டனில் உறைந்த இறைச்சியும் மீனும் அடுக்கும் குளிர்க்கிடங்கில் வேலை. ஆனாலும் மருந்துப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை. கொழும்பிலிருந்து யார் வந்தாலும் எனக்குக் குளிசைகள் கொண்டுவருவார்கள். அவற்றைச் சின்னக் காகித உறைகளில் போட்டு, காலை ஒன்று, இரவு ஒன்று என்று மேலே எழுதி, சளி, இழுப்பு, வயிற்றுவலி என்று வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பேன். இந்த நாட்டில் அது குற்றம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். அவ்வளவு தலைக்கனம்.

கிடங்கில் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை செய்தவர் ஸ்ட்ரெதமில் பிறந்து வளர்ந்த ஒரு வெள்ளைக்காரர். நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாது. பஸ்ஸில் ஏறும்போது பக்கவாட்டில் திரும்பித்தான் ஏறுவார். நானும் இன்னொருவரும் சேர்ந்து தூக்கும் பெட்டியை அவர் ஒற்றைக் கையால் எடுத்து, முட்டைத் தட்டை வைப்பதுபோல் சத்தமில்லாமல் வைப்பார். ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட வந்து, என் மனைவி நான்கு பேருக்கு என்று அவித்த இடியப்பத்தைத் தனியாக முடித்துவிட்டு, கூச்சத்தோடு தட்டையும் கழுவி வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு என் மனைவிக்கு அவரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லக்கூடாது.

அவர் சுமோ மல்யுத்தம் பழகினார். அந்த வருடங்களில் தொலைக்காட்சியில் அதைப் பார்த்து லண்டனில் பலருக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. கோவணம் கட்டிக்கொண்டு தள்ளுப்படுவதற்குப் பயிற்சி வேறா என்று நான் அவரைச் சீண்டினேன். கோபப்படாமல், வந்து பார் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பக்கத்தில் உள்ள ஒரு மண்டபம், தரையில் விரிப்பு, அதன்மேல் தடித்த கயிற்றால் ஒரு வட்டம். இரண்டு பெரிய உடம்புகள் எதிரெதிரே குந்தி, கைமுஷ்டியைத் தரையில் ஊன்றின. மண்டபம் மூச்சை அடக்கியது. பிறகு ஒரு சத்தம் கேட்டது. சதையும் எலும்பும் மோதும் அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள் இறங்கியது. நான்கு விநாடி இருக்கும், எல்லாம் முடிந்துவிட்டது. வென்றவர் கையை உயர்த்தவில்லை, சிரிக்கவும் இல்லை. விழுந்தவரை எழுப்பிவிட்டு, இருவரும் தங்கள் இடத்துக்குத் திரும்பி ஒருவருக்கொருவர் தலை வணங்கினார்கள். கேலி செய்யப் போன நான் எப்போது எழுந்து நின்றேன் என்றே தெரியவில்லை. ஊரில் கோயில்களிலும் எனக்கு அப்படி மெய்சிலிர்த்தது குறைவு.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்குச் சளி கட்டி நெஞ்சு இழுத்தது. ஐஸ் கிடங்கில் வேலை செய்தால் வேறென்ன நடக்கும். அவர் கேட்கவே இல்லை. நானாகவே ஒரு உறையை அவர் கோட்டுப் பைக்குள் வைத்தேன். ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்த அதே சின்ன வெள்ளைக் குளிசை. நான்காம் நாள் மூச்சு சீரானது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வாரம் ஐரோப்பிய நாடுகளிலிருந்து ஆட்கள் வந்த ஒரு போட்டியில் அவர் வென்றார். ஜப்பானில் நடக்கும் போட்டிக்கு லண்டனிலிருந்து போவதற்கு அவரைத் தெரிவு செய்தார்கள். எட்டு வருடமாக அவர் காத்திருந்தது அதற்குத்தான்.

சில வாரங்களில் அவர் கிடங்கில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். தேநீர் நேரத்தில் விடாமல் கேட்டேன். போட்டியன்று எடுத்த சிறுநீரில் தடைசெய்த மருந்து இருந்ததாம். இன்னொரு வீரருக்கும் அதே பிரச்சினை. ஆனால் அந்த வீரர் தசை பெருக்க ஊசி போட்டுக்கொண்டவர், ஒப்புக்கொண்டும் விட்டார். உனக்கு என்ன மருந்து என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, எபெட்ரின் என்றார்.

நான் கொடுத்த இழுப்புக் குளிசைக்குள் இருக்கும் சரக்கு அதுதான். மூச்சுக்குழாயைத் திறக்கும், கூடவே நெஞ்சையும் உசுப்பிவிடும். பதினாறு வருடம் கொடுத்தவனுக்கு, விளையாட்டுக்காரருக்கு அது ஆகாது என்று தெரியாமல் போயிற்று.

நான் வந்து சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று உடனே தலையை ஆட்டினார். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வரவில்லை. அதை அவரிடம் நான்தான் புலம்பியிருந்தேன். பெயரில்லாத மருந்தை வீட்டில் வைத்துக் கொடுத்தவன் என்று எங்கேயாவது பதிவானால் என்ன ஆகும் என்று அவர் எனக்கு முன்னரே யோசித்திருக்கிறார். என் கையெழுத்து இருந்த உறையைக் கிழித்து எறிந்துவிட்டாராம். எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களிடம், நானே விழுங்கினேன், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டதும் முதலில் என் மனதுக்குள் வந்தது ஆறுதல்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மா குழைத்த கையோடு நின்று முழுவதையும் கேட்டாள்.

“இஞ்சருங்கோ, அந்த மனிசன் உங்களுக்காக வாயைப் பொத்திக்கொண்டு நிக்குது. நீங்களும் பொத்திக்கொண்டு இருந்தா, நான் உங்களோட என்னெண்டு கதைக்கிறது?”

எங்கள் அகதிக் கேஸ் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“வாறது வரட்டும். நானும் உங்களோட வாறன்.”

விசாரணை ஒரு ஞாயிறு காலை அதே மண்டபத்தில் நடந்தது. சுமோ சங்கத்தின் பயிற்சியாளர் ஒரு ஜப்பானியர். வாரநாட்களில் லண்டன் சிட்டியில் ஒரு வங்கியில் வேலை செய்பவர்; என்னைவிடக் குள்ளம். அவர் முன்னால் அந்த மலை உடம்புகள் எல்லாம் விரிப்பின் ஓரத்தில் வரிசையாக முழங்காலில் அமர்ந்திருந்தன. ஊசி போட்டவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு அலட்சியமாக இருந்தார். என் கிடங்கு நண்பர் என்னைக் கண்டதும் கண்ணாலேயே போ என்றார். நான் போகவில்லை. பேச அனுமதி கேட்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்: யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, அந்த மனிதர் ஏன் வாய் திறக்கவில்லை என்பது.

பயிற்சியாளர் எழுந்து என் முன்னால் வந்தார். இடுப்பு வரை குனிந்து வணங்கினார். தன் வீரர் சுகமில்லாமல் இருந்தபோது மருந்து கொடுத்ததற்கு நன்றி என்றார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவர் தன் இடத்துக்குத் திரும்பி, இருவருக்கும் ஒரு வருடத் தடை என்று அறிவித்தார். ஜப்பான் பயணம் அதோடு போயிற்று.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இது என்ன நியாயம் என்று சத்தமாகவே கேட்டேன். களவாக ஊசி போட்டவனும் சளிக்குக் குளிசை எடுத்தவனும் ஒன்றா? மனைவி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். பயிற்சியாளர் குரலை உயர்த்தவில்லை.

“அன்று இவரிடம் தோற்றவர் லீவு எடுத்துக் கப்பலேறி வந்த ஒரு பேக்கரிக்காரர். இவர் தெரிந்து விழுங்கினாரா, தெரியாமல் விழுங்கினாரா என்பதால் அந்த மனிதருக்கு என்ன வித்தியாசம்?”

அந்தப் பேக்கரிக்காரரை நான் ஒரு தரம்கூட நினைத்துப் பார்த்திருக்கவில்லை. இரண்டு தண்டனையும் ஒரே அளவாக இருந்ததை நான் இன்றும் ஒப்புக்கொள்ளமாட்டேன்; எங்கே வேண்டுமானாலும் வாதாடுவேன். ஆனால் அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

பிறகு பயிற்சியாளர் சொன்னதைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்லை. எதை விழுங்கலாம், எதை விழுங்கக்கூடாது என்று கேட்டு அறியும் பழக்கத்தை இவர்களுக்குத் தான் ஊட்டவில்லை என்றார். ஆகவே அந்த ஒரு வருடமும் தானும் போட்டி எதற்கும் யாரையும் அழைத்துப் போவதில்லை, ஜப்பானுக்கும் போவதில்லை என்றார். வீரர்கள் பக்கம் திரும்பி, எனக்கு வணங்கியதைவிட ஆழமாக வணங்கினார். அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஊசிக்காரர் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். தண்டிப்பவன் தானும் தண்டனைக்குள் இறங்கி நிற்பதை என் வாழ்நாளில் முதன்முறையாக அங்கேதான் பார்த்தேன். நாங்கள் விட்டு ஓடிவந்த நாட்டில் அதிகாரத்தில் இருந்த ஒருவராவது அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

கடைசியில் பயிற்சியாளரிடம் போய், எனக்கு என்ன தண்டனை என்று கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன்.

“நீங்கள் எங்கள் சங்கத்து ஆள் இல்லை. உங்களைத் தண்டிக்கும் உரிமை எனக்குக் கிடையாது” என்றார். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்.

எந்தக் கடிதம் வந்து கதவைத் தட்டுமோ என்று வாரக்கணக்காகப் பயந்து கிடந்தவனுக்கு அது நல்ல செய்தியாக இருந்திருக்க வேண்டும். மற்ற வீரர்கள் பயிற்சிக்கு எழுந்தார்கள். தண்டனை பெற்ற மூவரும் சுவரோரம் போய்ப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், குள்ளமான அந்த மனிதர் இரண்டு பெரிய உடம்புகளுக்கு நடுவில். அந்த வரிசையின் கடைசியில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மனைவி என் கையைப் பிடித்து, “போவம்” என்றாள்.