ஒன்பது பெட்டி வண்டி

எண்ணூருக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஸ்டேஷனில் இரண்டு பிளாட்பாரம், ஒரு டிக்கெட் ஜன்னல், அவ்வளவுதான். முகத்துவாரத்து உப்புக்காற்றில் பெஞ்சுகூடத் துருப்பிடித்துக் கிடக்கும். பெண்கள் பெட்டி எந்த விளக்குக் கம்பத்துக்கு நேராக நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். என் இடம் கடைசிக் கம்பம். அது பன்னிரண்டு பெட்டி வண்டிக்கான கணக்கு. எப்போதாவது ஒன்பது பெட்டி வண்டி வந்துவிட்டால் மூன்று பெட்டி தூரம் முன்னால் போய் நின்றுகொள்ளும், ஓட வேண்டியதுதான்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவள் நான். முப்பத்தெட்டு வயதில் மூன்றாம் முறையாகத் தனித்தேர்வு எழுதப் போனேன். இதிலும் போனால் இனிப் புத்தகத்தைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். துணிக்கடையில் வேலை பார்ப்பவளுக்கு இந்த வயதில் இது எதற்கு என்று கேட்டுவிடுவார்களோ என்ற வெட்கத்தில் வெளியே மூச்சு விடவில்லை. தினமும் ரயிலில் கணக்கு நோட்டை வாரப் பத்திரிகைக்குள் ஒளித்து வைத்துத்தான் படிப்பேன்.

பரீட்சையன்று காலையிலும் அதே கம்பத்தடியில் நோட்டில் மூழ்கியிருந்தேன். தலையைத் தூக்கினால் வண்டி வந்து தூரத்தில் நிற்கிறது. ஒன்பது பெட்டி. அடுத்த வண்டியில் போனால் ராயபுரத்தில் பூட்டிய பள்ளிக்கூட கேட்டைத்தான் பார்க்கலாம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். எட்ட முடியாது என்று தெரிந்ததும் அழுகை வந்துவிட்டது.

வண்டியோ நகரவில்லை. கடைசிப் பெட்டியின் கதவடியில் மீன்கார அக்கா ஒருத்தி ஒரு கூடை நண்டைக் கவிழ்த்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் புடவையில் மீன்தண்ணீர் சொட்டியதென்று நான் ஒருமுறை வாய்க்கு வந்தபடி பேசிய அதே அக்கா. கார்டு எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார். அவள் நிமிரக்கூட இல்லை.

“இரு நைனா. கணக்குப் பரிச்சைக்கி ஒரு பொண்ணு ஓடியாந்துகினு கீது. அது ஏறுற வரிக்கும் நான் நண்டு பொறுக்குவேன்.”

என்னை நாலு கைகள் உள்ளே இழுத்துப்போட்டன. எல்லாருக்கும் எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஒருத்தி எழுந்து இடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ராயபுரம் வரும்வரை எவளும் வாயைத் திறக்கக் கூடாது என்று அந்த அக்கா உத்தரவு போட்டாள். காதைப் பிளக்கும் அந்தப் பெட்டி கப்சிப்பென்று ஆனது. யாரோ போனில் பாட்டை நிறுத்தினார்கள்.

அந்தப் பரீட்சையில் தேறிவிட்டேன். ஆனால் அன்று வண்டியில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. கண் நிறைந்து நிறைந்து வந்ததில் எழுத்தே தெரியவில்லை. இருந்தாலும் ராயபுரம் வரை பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். அவர்கள் அவ்வளவு கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கும்போது நான் சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்?