பதினாறு மில்லிமீட்டர்

அந்த மனுஷனிடம் போய் "கொஞ்சம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தப்பித்தவர் யாரும் கிடையாது. "கொஞ்சம்னா எவ்வளவு?" என்று உடனே கேள்வி பாயும். எடையளவுத் துறையில் ஆய்வாளர். சந்தைத் தராசுகள், துணிக்கடை மீட்டர் கோல்கள், பெட்ரோல் பம்புகள் எல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஊர் அவருக்கு வைத்த பெயர் மில்லிமீட்டர். அது தெரிந்தும் அவருக்குக் கோபம் வந்ததில்லை; உள்ளுக்குள் பெருமைதான். ஐம்பத்திரண்டு வயதில் தன் வாயிலிருந்து ஒரு தப்பளவுகூட வந்ததில்லை என்று மார்தட்டிச் சொல்வார்.

இருந்த ஒரே தொல்லை இடுப்பு வலி. பதினைந்து வருஷமாகக் கூடவே குடியிருந்தது. மாத்திரை, தைலம், பெல்ட் எல்லாம் ஆயிற்று. கடைசியில் ஒரு டாக்டர், பஸ்ஸில் தொங்குவதை விட்டுவிட்டு சைக்கிளில் ஆபீஸ் போய்ப் பாருங்கள் என்றார். ஆபீஸ் ஆறு கிலோமீட்டர். அவரைக் கேட்டால் ஆறு கிலோமீட்டர் இருநூறு மீட்டர். வார நாட்களில் ஆபீசுக்கு, ஞாயிற்றுக்கிழமை சும்மா பூங்காவைச் சுற்றி வர, இரண்டுக்கும் ஒரே சைக்கிள் வேண்டும். மூன்று வாரம் நோட்டுப் போட்டு எழுதினார். இருபத்து மூன்று கேள்விகள் சேர்ந்தன.

சனிக்கிழமை காலை மனைவியையும் அழைத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனார். மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில்தான் கடை. கழுத்தில் டேப் தொங்கியபடியே கிளம்பி வந்துவிடுவாள்; அன்றும் அப்படித்தான் வந்திருந்தாள்.

முதலில் காட்டிய சைக்கிளுக்கு ஹேண்டில் ஆட்டுக்கொம்பு போல வளைந்து கீழே இருந்தது. "இதுல குனிஞ்சேன்னா என்னை நிமித்தறதுக்கு நாலு பேரு வரணும்" என்றார். அடுத்தது மலையேறுகிற சைக்கிள். டயரில் கட்டை கட்டையாக முண்டு, தூக்கினால் கை விட்டுப்போகும் எடை.

"ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு சார், ஹைபிரிட்" என்றார் கடைக்காரர். பருத்த ஆள், எதற்கும் அவசரப்படாதவர். "ஹேண்டில் நேரா இருக்கும். நிமிர்ந்து உட்காரலாம். டயரு ரொம்ப மெலிசும் இல்ல, ரொம்பத் தடிப்பும் இல்ல. பின்னாடி பை வெக்கக் கேரியர் போட்டுக்கலாம்."

மில்லிமீட்டர் பையிலிருந்து தன் அளவுக்கருவியை எடுத்து டயரைக் கவ்விப் பார்த்தார். "நாப்பதுன்னு எழுதியிருக்கீங்க. முப்பத்தெட்டரைதான் இருக்கு."

"காத்து முழுசா அடிச்சா வந்துடும் சார்."

அடித்தார்கள். வந்தது. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. சீட் உயரம் வைப்பதற்காக அவரைச் சைக்கிளில் ஏற்றி, சுவரைப் பிடிக்கச் சொல்லி, குதிகாலைப் பெடலில் வைத்து கீழே அழுத்தச் சொன்னார் கடைக்காரர். வலது கால் கச்சிதமாக நீண்டது. இடது குதிகால் பெடலை எட்டவில்லை. எட்டுவதற்காக இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கடைக்காரர் இரண்டு தரம் பார்த்தார். பிறகு அவரை இறக்கி, பெஞ்சில் படுக்கவைத்து, இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால்வரை இரண்டு கால்களையும் அளந்தார்.

"சார், உங்க இடது கால் குட்டை. ஒண்ணரை சென்டிமீட்டருக்கு மேல இருக்கும்."

மில்லிமீட்டர் சிரித்தேவிட்டார். "யாருகிட்ட வந்து என்னய்யா சொல்றீங்க? உங்க டேப் முத்திரை போட்டதா?" என்று எழுந்து உட்கார்ந்தார். தன் சொந்த எஃகு டேப்பை எடுத்துக் கொடுத்தார். அளந்தார்கள். திரும்ப அளந்தார்கள். மூன்றாம் முறை தலையைத் தூக்கி அவரே எண்ணைப் பார்த்தார்.

ஊரையே அளந்த ஆள்! தன் காலை அளந்ததில்லை. தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. மனைவி பக்கம் திரும்பினார். "என்னம்மா இது?" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"பதினாறுதான்" என்றாள் மெதுவாக, அவர் சொல்வதற்கு முன்பே.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. வந்ததும் பீரோவைத் திறந்து பேன்ட்டுகளை எல்லாம் கட்டிலில் பரப்பினார். பதினான்கு பேன்ட். ஒவ்வொன்றாக இரண்டு காலையும் அளந்தார். பதினான்கிலும் இடது கால் பதினாறு மில்லிமீட்டர் குட்டை. ஒரு நூல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. அவருடைய துறையில் எவனும் அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்து அவர் கண்டதில்லை. அதைப் பாராட்டுவதா, கத்துவதா என்று புரியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத பேன்ட்லேர்ந்து."

"கல்யாணத்துக்கு முன்னாடியா!"

"ஆமாங்க. அப்ப நீங்க எனக்கு வெறும் கஸ்டமர்தானே."

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவர் அவள் கடைக்கு வந்தது எட்டாவது கடையாக. அதற்கு முன் ஏழு தையல்காரர்களோடு சண்டை. எல்லாரும் இடது காலை நீளமாகத் தைத்துவிட்டார்களாம், தரையில் புரள்கிறதாம். ஒருவரைக் கூட்டத்தின் நடுவில் நிற்கவைத்து, "அளவு தெரியாதவனுக்கு எதுக்குய்யா கத்திரி?" என்று கேட்டிருக்கிறார். எட்டாவதாக இவள் தைத்துக் கொடுத்த பேன்ட் கச்சிதமாக நின்றது. ஊரிலேயே அளவு தெரிந்த ஒரே ஆள் இவள்தான் என்று முடிவு கட்டி, அடுத்த வருஷமே பெண் கேட்டு வந்துவிட்டார். அந்தக் கல்யாணமே இந்தப் பதினாறு மில்லிமீட்டரில்தான் நின்றிருக்கிறது. அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே!"

"தப்பு துணியில இல்ல, உங்க கால்லன்னு சொல்லியிருந்தா அந்த ஏழு பேரோட நானும் ஒருத்தி ஆயிருப்பேன்" என்றாள். "அப்புறம் கல்யாணம் ஆச்சு. இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு பார்த்தேன். நீங்க சந்தையில தப்புத் தராசைப் பிடிச்சு உடைச்சுட்டு வந்து, 'அளவு தப்புன்னா குப்பைக்குத்தான் போகணும்'னு சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து சொல்வீங்க. நான் எந்த வாயால சொல்றது?"

அவருக்குச் சுருக்கென்றது. அவள் திடீரென்று கையிலிருந்த பேன்ட்டைக் கீழே போட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"என்னங்க, உங்க இடுப்பு வலி... அது இதனாலயா?"

"எனக்கென்ன தெரியும்?"

"நான் பேன்ட்டு நல்லா நிக்கணும்னு மட்டும்தானே பார்த்தேன். உள்ள இருக்கற காலை யோசிக்கவே இல்லையே. அன்னைக்கே சொல்லியிருந்தா செருப்புல ஒரு அட்டை வெச்சிருக்கலாம். பதினஞ்சு வருஷம் தைலம் தேய்ச்சு விட்டேனே, இந்தக் கையாலதான் தேய்ச்சு விட்டேன்!" அவள் குரல் உடைந்தது. "நாளைக்கு அந்தக் கடைக்காரர் பெடல்ல ரப்பர் துண்டு வெச்சு ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்காருல்ல? வலி நின்னுபோச்சுன்னா என்னாலதான்னு அர்த்தம்."

அவர் கோபத்தில் இருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. இரண்டு பேருமே அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை கடைக்கு முன்னால் சைக்கிள் தயாராக இருந்தது. கடை எதிரே பூங்கா. ஒரு சுற்று ஒன்றரை கிலோமீட்டர். முதலில் துண்டு இல்லாமல் ஓட்டினார். இரண்டாம் சுற்றிலேயே வலது இடுப்பில் ஊசி குத்த ஆரம்பித்தது, பழகிய இடம், பழகிய வலி. திரும்பி வந்தார். கடைக்காரர் இடது பெடலில் தடித்த ரப்பர் துண்டு ஒன்றைப் பூட்டினார். வேறு எதையும் தொடவில்லை. அதே சீட், அதே ஹேண்டில்.

இரண்டு சுற்று போனது. மூன்றாவதும் முடிந்தது. ஏதோ ஒன்றைத் தொலைத்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. வண்டியை நிறுத்திச் சட்டைப் பையைத் தடவினார், பர்ஸ் இருந்தது, சாவி இருந்தது. பிறகுதான் புரிந்தது. தொலைந்தது வலி. அடக் கடவுளே, வலி இல்லாமல் இருப்பது என்றால் இப்படியா! மற்ற ஜனங்கள் எல்லாம் இப்படித்தான் நடமாடிக்கொண்டிருக்கிறார்களா! நட்ட நடுச்சாலையில் அவர் கண்ணில் நீர் முட்டியது. அடுத்த நிமிஷமே ஆத்திரம் பொங்கியது. பதினைந்து வருஷம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே! நான்காவது சுற்றை அந்த ஆத்திரத்திலேயே மிதித்துத் தீர்த்தார். போய் நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் கடைப் பக்கம் திரும்பினார்.

அவள் சுவரோரம் நின்றிருந்தாள். கழுத்தில் தொங்கிய டேப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக. அவரைக் கண்டதும் ஓடி வந்தாள். தீர்ப்புக்குக் காத்திருக்கிற முகம்.

"வலிச்சுதா?"

"இல்ல."

"அந்தத் துண்டு வெச்சதாலதானே?"

கடைக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மில்லிமீட்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். சந்தையில் தராசுக்காரர்களைக் கதிகலங்க வைக்கும் பார்வை. திறந்த வாய் மூடிக்கொண்டது.

"துண்டாவது மண்ணாவது" என்றார். "காலுக்கும் இடுப்புக்கும் சம்பந்தமே இல்ல. மொதல்ல ஹேண்டில் தாழ்வா இருந்துச்சு, குனிய வேண்டியிருந்துச்சு. ஏத்தி வெக்கச் சொன்னேன். நிமிர்ந்து ஓட்டினேன், வலிக்கல. அவ்வளவுதான்."

"எவ்வளவுங்க ஏத்தினாங்க?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. ஹேண்டிலைப் பார்த்தார், பூங்காவைப் பார்த்தார். ஒரு எண்கூட நாக்குக்கு வரவில்லை.

"கொஞ்சம்" என்றார்.

இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. அப்படியே அவரைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்து, டேப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.