மறுபூஜை வரைக்கும்

சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து ஓடிவந்தபோது கூடத்துக் கடிகாரத்தில் காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது பொரி. முந்தின நாள் பூஜைக்கு வைத்த தாம்பாளம் கவிழ்ந்து, பொரியும் பொட்டுக்கடலையும் சாமி அலமாரியிலிருந்து சோபாவின் கால்வரை சிதறிக் கிடந்தன. அடுத்துப் பார்த்தது மாமாவின் ஏழு வயதுப் பேத்தியை. சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். அவள் காலடியில் மாமாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி. அவளுடைய தம்பியை மூன்றாவதாகத்தான் பார்த்தேன். அவனுக்கு நான்கு வயது. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில் விழுந்திருந்தான். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போன ஆட்டோவிலேயே உயிர் போய்விட்டது.

மாமா என் அம்மாவின் அண்ணன். வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, ஹைதராபாத்தில் ஒரு வங்கிக் கிளையில் காவலுக்குச் சேர்ந்தார். சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் உள்ளவர்களைத்தான் அந்த வேலைக்கு எடுத்தார்கள். அதனால் பகலெல்லாம் வங்கி வாசலில் நின்ற துப்பாக்கி, மாலையில் அவரோடு பஸ் ஏறி குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனிக்கு வந்துவிடும். இரண்டு படுக்கையறை வீடு. அதில் மாமா, அத்தை, நான் அத்தான் என்று கூப்பிடும் அவர்கள் மகன், அவர் மனைவி, இரண்டு குழந்தைகள். நான் ஒரு ஆங்கில நாளிதழில் உதவி ஆசிரியர். நகரத்துக்குள் விடுதியில் தங்கியிருந்தேன். பண்டிகை, விடுமுறை என்றால் மாமா வீடுதான்.

துப்பாக்கி விஷயத்தில் அவரைப்போல் எச்சரிக்கையான ஒருவரை நான் பார்த்ததில்லை. ஜீடிமெட்லாவில் ஒரு பட்டறையில் சொல்லி நீளமான இரும்புப் பெட்டி செய்துவந்து, படுக்கையறைச் சுவரில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். அதன் சாவி அவர் அரைஞாணில். தோட்டாக்கள் பரண்மேல் வேறொரு பெட்டியில். அந்தச் சாவி அத்தையிடம். அவர் இல்லாமல் அத்தையோ, அத்தை இல்லாமல் அவரோ இரண்டையும் திறக்க முடியாது. வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் மாடிப்படித் திருப்பத்தில் நின்று துப்பாக்கியை மடக்குவார். ஓடிவரும் பேத்தியைக் குழல்களின் வழியே வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்வார்.

"இன்னா தெரியுது?"

"லைட்டு."

"காலிதானே?"

"காலி தாத்தா!"

"காலின்னு யார் சொன்னாலும் நம்பாத. நானே சொன்னாலும் நம்பாத. நீயே பாரு."

பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். குழந்தைக்குப் பயமும் வேண்டும், விவரமும் வேண்டும் என்பது அவர் எண்ணம். துப்பாக்கியை எப்படி மடக்குவது, எப்படி நிமிர்த்துவது என்பதை அவள் அந்தப் படிக்கட்டில்தான் பார்த்துப் பழகினாள். இது அன்றைக்கு எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஆயுத பூஜையன்று துப்பாக்கிக்கும் பொட்டு உண்டு. பட்டுத்துணி விரித்து அத்தையின் அரிவாள்மனை, அத்தானின் லேப்டாப், பேத்தியின் பாடப்புத்தகங்கள், பைக் சாவி, என் பேனா எல்லாம் வைப்பார்கள். நடுவில் துப்பாக்கி. பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் சந்தனம் தொட்ட நான்கு தோட்டாக்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை செய்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதுவரை தொடக்கூடாது. பையன்களும் பெண்களும் வருஷத்தில் ஒரு நாள் படிக்காமல் தப்பிப்பது அந்த வழக்கத்தால்தான். மாமா மட்டும் இதற்குக் கட்டுப்பட மாட்டார். கற்பூரம் அணைந்ததும் துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுவார். ஒவ்வொரு வருஷமும் அத்தைக்கு இதில் மனத்தாங்கல்.

அந்த வருஷமும் அவர் குனிந்து துப்பாக்கியைக் கையில் எடுத்துவிட்டார். அத்தானும் அவர் மனைவியும் பைக்குக்குப் பொட்டு வைக்கக் கீழே போயிருந்தார்கள்.

"ஊரு உலகத்துல நாளைக்கிதான் எடுப்பாங்க. இவுருக்கு மட்டும் தீபாராதனை காட்டி முடிக்கறதுக்குள்ள சாமான் உள்ள பூடணும்" என்றாள் அத்தை.

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்ன மாமா இது, அத்தான் லேப்டாப்பத் தொட்டா கத்துறீங்க. உங்க துப்பாக்கிக்கு மட்டும் தனி ரூலா? ஒரு நாள்தானே, இருக்கட்டும் விடுங்க. வெறும் துப்பாக்கி, அது என்ன எழுந்து நடக்கவா போகுது?"

அத்தை சிரித்தாள். பேத்தி கைதட்டினாள். மாமா துப்பாக்கியை மடக்கி ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பேப்பர்காரம்மாவே சொல்லிட்டாங்க, அப்புறம் இன்னா" என்று சொல்லி, பட்டுத்துணியில் திரும்பவும் வைத்தார். தோட்டாத் தட்டுக்குக் கை நீட்டியவரை "அதயுமா?" என்று அத்தை கேட்டாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

காலையில் மறுபூஜைக்குப் பூ வாங்க அவர் கீழே போயிருந்த பத்து நிமிடத்தில் அது நடந்தது. 'தாத்தா டியூட்டி' விளையாடினோம் என்று பேத்தி பிறகு சொன்னாள். தம்பிதான் பேங்குக்கு வந்த ஆள். சந்தனத் தட்டில் இரண்டு தோட்டாக்கள்தான் மிச்சம் இருந்தன. தெருமுனையிலேயே மாமாவுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. வாங்கிய பூவோடுதான் மேலே ஏறிவந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் தெலுங்கில் கேட்டார், வெளியே வைத்தது யார் என்று. அத்தை தலையில் அடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். நான் கதவருகே நின்றிருந்தேன். மாமா என் பக்கம் திரும்பவில்லை. "நேனே சார்" என்றார். வேறு யாராவது எடுக்க வேண்டாம் என்றார்களா என்று அடுத்த கேள்வி. "என் துப்பாக்கி. நான்தான் வச்சேன்."

அன்று மாலை எங்கள் பத்திரிகையின் குற்றச்செய்தி நிருபர் எனக்குப் போன் செய்தார். என் உறவினர் வீடு என்று அவருக்குத் தெரிந்திருந்தது; வருத்தம் சொல்லிவிட்டுத் தயக்கத்தோடுதான் விவரம் கேட்டார். குழந்தையின் வயது, காலனி, துப்பாக்கியின் வகை, நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். எதற்காக வெளியில் வைத்திருந்தார் என்று கேட்டார். பண்டிகை என்றேன். முன்னாள் ராணுவ வீரரின் கவனக்குறைவு என்று நான்கு வாக்கியத்தில் செய்தி வந்தது. ஒரு வாக்கியத்திலும் பிழை இல்லை. வேலையில் நான் திருத்திய பல செய்திகளும் இப்படித்தான் சரியாக இருந்திருக்கும் என்று அதற்குப் பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

மாமாவின் உரிமம் ரத்தானது. வேலை போனது. வழக்கு இழுத்துக்கொண்டே போனது. தீர்ப்பு வருமுன் அவர் இறந்துவிட்டார். இடையில் ஆறு ஆண்டுகள். அத்தான் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். ஒரே வீட்டில், சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். மாமா சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். நான் போகும்போதெல்லாம் "வாம்மா, ஆபீஸ் எப்படி போவுது?" என்று பழையபடியே கேட்பார். இரும்புப் பெட்டியை அகற்றிய இடத்தில் போல்ட் துளைகள் நான்கும் சிமென்ட் பூசாமல் இருந்தன. அதன் எதிரேதான் அவர் கட்டில். அத்தானிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். மாமாவின் சாவுக்குப் போனபோதும் அப்படித்தான் போனேன்.

பேத்திக்கு இப்போது இருபத்திரண்டு வயது. மருந்து கம்பெனி ஒன்றில் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சொல்லாமல் என் வீட்டுக்கு வந்தாள். கொடுத்த காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஒக மாட்ட அடகனா சித்தி?" என்று தெலுங்கில் ஆரம்பித்தாள். ஒன்று கேட்கலாமா என்கிறாள். கேள் என்றேன்.

"எடுத்தது நான். அது எனக்கு தெரியும், யாரும் சொல்ல வேணாம். ஆனா தாத்தா ஒரு நாள்கூட பூட்ட மறந்ததில்ல. அன்னிக்கு மட்டும் ஏன் பூட்டல?"

"மறக்கல. பூட்டத்தான் எடுத்தாரு. மறுபூஜை வரைக்கும் இருக்கட்டும்னு சொன்னதால வச்சாரு."

"பாட்டி சொன்னாங்களா?"

"பாட்டி எல்லா வருஷமும் சொல்லுவாங்க. அவரு கேட்டதே இல்ல. அன்னிக்கு நான் சொன்னேன். கிண்டல் பண்ணேன்."

அவள் டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"தாத்தா யார்கிட்டயும் சொல்லலயா?"

"இல்ல."

"நீங்களும் சொல்லல."

"இல்ல."

"நான் கைதட்டினேன், அது ஞாபகம் இருக்கு. எதுக்குன்னு இத்தன நாள் தெரியல." எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டினாள். வாசலில் நின்று கேட்டாள்: "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் சொல்லுவேன்."

"சொல்லு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே காலுக்கு அத்தானிடமிருந்து போன் வந்தது. எடுத்தேன்.